பூட்: பூட்ஸ் வாரிலிருந்து தொடக்கு விரலி வரை

"தம்பி, பெட்டி பூட் ஆகமாட்டேங்குது. வந்து பாத்துட்டுப் போங்க."

விருதுநகர்ப் பக்கம் சின்ன அச்சகம் நடத்தும் அண்ணாச்சி போனில் சொன்னது இவ்வளவுதான். அவர் ஆங்கிலம் படித்தவர் இல்லை. ஆனால் கணினி விழித்தெழுவதைக் குறிக்கும் 'பூட்' என்ற சொல்லைப் பிழையில்லாமல், இருக்க வேண்டிய இடத்தில் வைத்துச் சொல்கிறார். கணினி பழுதுபார்க்கும் கடை, பிரவுசிங் சென்டர், கல்லூரி விடுதி என்று எங்கும் புழங்கும் சொல் இது. அந்த 'பூட்'டும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் 'பூட்ஸ்'ஸும் ஒரே சொல் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

உயரமான தோல் பூட்ஸின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ ஒரு வார் வளையம் தைத்திருப்பார்கள். அதற்குள் விரலை விட்டு இழுத்தால் கால் உள்ளே இறங்கும். ஆங்கிலத்தில் அதன் பெயர் பூட்ஸ்ட்ராப், அதாவது பூட்ஸ் வார். காலில் போட்டிருக்கும் பூட்ஸின் வாரைப் பிடித்து இழுத்துத் தன்னைத் தானே தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்று ஒரு பேச்சு 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வழங்கியது. நடக்கவே நடக்காத காரியத்தைக் கேலி செய்யத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். பிறர் உதவியின்றித் தன் முயற்சியால் முன்னுக்கு வருவது என்ற நல்ல பொருள் பிறகுதான் ஏறியது. கணினிக்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது இரண்டு பொருளும் அதில் இருந்தன: நடக்க முடியாதது, ஆனாலும் நடக்கிறது.

அந்த நடக்க முடியாத காரியம் என்ன? கணினியின் செயலி, நினைவகத்தில் இருக்கும் கட்டளையை மட்டுமே நிறைவேற்றும். மின்சாரத்தைப் போட்ட கணத்தில் நினைவகம் வெறுமையாக இருக்கிறது. வட்டில் இருக்கும் விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை உள்ளே கொண்டுவர ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை யார் உள்ளே கொண்டுவருவது? அதற்கும் ஒரு நிரல் வேண்டும். அதற்கு முன்னால்?

நம் வீட்டு அடுக்களையில் இந்தப் புதிர் தினமும் அவிழ்கிறது. பாலைத் தயிராக்க உறைமோர் வேண்டும். பிரை என்றும் சொல்வார்கள். உறைமோர் என்பது நேற்றைய தயிரில் மிஞ்சியது. ஒரு கரண்டி ஊற்றினால் ஒரு பானை பாலும் உறைந்துவிடும். கணினியிலும் இப்படி ஒரு கரண்டிதான் முதலில் உள்ளே போகிறது. அது தன்னைவிடச் சற்றுப் பெரிய ஒன்றை இழுத்து வருகிறது, அது இன்னும் பெரியதை இழுத்து வருகிறது. பூட் என்ற சொல்லின் முழுப்பொருள் இந்தச் சங்கிலிதான்.

1950-களின் தொடக்கத்தில் வந்த ஐபிஎம் 701 கணினியில் 'லோட்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் துளை அட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ காந்த டிரம்மிலிருந்தோ 36 பிட் நீளமுள்ள ஒரே ஒரு 'சொல்' (கணினி ஒரே மூச்சில் கையாளும் தரவுத் துண்டு) உள்ளே வரும். அதில் இருக்கும் கட்டளையின் வேலை, அடுத்த சொற்களை உள்ளே வரவழைப்பது. பூட்ஸ்ட்ராப் என்ற பெயர் கணினிக்கு ஒட்டிக்கொண்டது இந்தக் காலத்தில்தான். 1975-இல் வந்த ஆல்டேர் 8800-இல் அந்த வசதிகூடக் கிடையாது. முகப்பில் வரிசையாக இருக்கும் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, முதல் சில பைட்டுகளை மனிதரே கையால் உள்ளிட வேண்டும். மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. பின்னர் அழியாத நினைவகச் சில்லில் அந்த முதல் நிரலை எழுதிவைக்கும் வழக்கம் பரவியது. நாக்கும் சோம்பியது. பூட்ஸ்ட்ராப்பில் வார் அறுந்து பூட் மட்டும் நின்றது.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வழியில் வந்த கணினிகளில் பயாஸ் என்ற நிரல் முதலில் விழிக்கும். நினைவகம், விசைப்பலகை எல்லாம் சரியா என்று ஒரு சுற்றுப் பார்க்கும். பிறகு வட்டின் முதல் பிரிவை, சரியாக 512 பைட்டுகளை, எடுத்து நினைவகத்தில் 31,744 என்ற முகவரியில் வைக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டுகள் 85, 170 என்ற எண்களாக இருக்கின்றனவா என்று பல பயாஸ்கள் சோதிக்கும். இருந்தால் ஆட்சியை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கும். வன்தட்டில் அந்த 512-இல், வட்டை எப்படிப் பிரித்திருக்கிறது என்று சொல்லும் பகிர்வு அட்டவணைக்கு 64, அந்தக் கடைசி முத்திரைக்கு 2 போக, நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட்டுகள். இந்தப் பத்தியே அதைவிடப் பெரியது. பல கிகாபைட் இயங்குதளத்தை உறைய வைக்கும் மோர் அவ்வளவுதான்.

வீட்டு மோர் கெட்டுப்போனால் அடுத்த வீட்டில் ஒரு கரண்டி வாங்குவோம் அல்லவா, பூட்டபிள் பென்டிரைவ் என்பது அதுதான். கணினியின் சொந்த வட்டு எழுப்பாதபோது வெளியிலிருந்து கொண்டுவரும் உறைமோர். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். விண்டோஸின் ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் இழுத்துப் போட்டுவிட்டு, ஏன் எழவில்லை என்று கேட்கிறார்கள். பால் முழுதும் இருக்கிறது, உறை விழவில்லை. ஐஎஸ்ஓ என்பது குறுந்தகட்டின் அச்சுப்படி. குறுந்தகடு எழும் முறை வேறு. 1995-இல் வகுத்த அந்த நெறிமுறைக்கு எல் டொரிட்டோ என்று பெயர். கலிபோர்னியாவில் ஓர் உணவகத்தின் பெயரை வைத்தார்கள் என்பார்கள். பென்டிரைவோ பயாஸின் கண்ணுக்கு வன்தட்டுப் போலத் தெரிவது. அதற்கு 512 பைட் கதைதான் செல்லும். ஆகவே ரூஃபஸ் போன்ற கருவியைக் கொண்டு பகிர்வை அமைத்து, முதல் பிரிவில் நிரலை எழுதி, கோப்புகளையும் பிரித்து வைக்க வேண்டும். லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் பலவற்றில் இரண்டு முறைக்குமான தலைப்பகுதியும் இருப்பதால் அப்படியே எழுதினாலும் எழும். பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ வந்த புதிய கணினிகளில் 512 பைட் வேலையே இல்லை. ஃபாட்32 என்ற கோப்பமைப்பில் உள்ள பகிர்வில் குறிப்பிட்ட பெயருள்ள கோப்பு குறிப்பிட்ட கோப்புறையில் இருந்தால் போதும்.

அண்ணாச்சி கதைக்கு வருகிறேன். அவருடைய பழைய கணினி மூச்சை நிறுத்திவிட்டது. பக்க வடிவமைப்பு மென்பொருளும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும் இருபது வருடத்துக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை வடிவங்களும் விண்டோஸ் 7-இன் 32 பிட் பதிப்பில்தான் அவருக்கு ஓடின. அந்த மென்பொருளின் நிறுவியில் 16 பிட் பகுதி ஒன்று உண்டு. 64 பிட் விண்டோஸ் அதை இயக்காது. 2016 வாக்கில் வாங்கிய இன்னொரு பெட்டி கடையில் சும்மா கிடந்தது. அதில் பழையதை ஏற்றித் தரவேண்டும். யூஇஎஃப்ஐ அமைப்பில் பழைய பயாஸ் முறையை இயக்கிவிட்டு, பென்டிரைவைத் தொடக்க வரிசையில் முதலில் வைத்தேன். நன்றாகவே எழுந்தது. நான்கு வண்ணப் புள்ளிகள் சுழன்று கொடி ஆனது. நிறுவும் திரை வந்ததும் சுட்டி அசையவில்லை, விசைப்பலகையும் செத்துக் கிடந்தது. வேறு விசைப்பலகையைப் பழைய வட்ட முனையில் செருகி மேலே போனால், சிடி அல்லது டிவிடிக்கான டிரைவர் (கருவியை விண்டோஸுக்கு அறிமுகப்படுத்தும் சிறு நிரல்) காணவில்லை என்றது. சிடியே இல்லாத பெட்டியில்.

நடந்தது இதுதான். எழும்போது பென்டிரைவைப் படித்தது பயாஸ். அதற்கு யுஎஸ்பி 3.0 தெரியும். அது படித்துக் கொடுத்த நிறுவல் சூழல் முழுதும் நினைவகத்தில் ஏறி அமர்ந்த பிறகு, ஆட்சி விண்டோஸ் 7-இன் கைக்கு வந்தது. 2009-இல் வந்த அதற்கு யுஎஸ்பி 3.0-க்கான டிரைவர் உள்ளே கிடையாது. இன்டெல் 2015-இல் கொண்டுவந்த ஸ்கைலேக் தலைமுறையோடு பழைய யுஎஸ்பி 2.0 கட்டுப்படுத்தியும் போய்விட்டதால், யுஎஸ்பி 2.0-க்குரிய கறுப்பு முனையில் செருகினாலும் வித்தியாசமில்லை. பென்டிரைவிலிருந்து ஏறி வந்த விண்டோஸுக்கு அந்தப் பென்டிரைவே கண்ணுக்குத் தெரியவில்லை. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. பூட் என்பது ஒரே நிகழ்வு இல்லை, கைமாறிக் கைமாறிப் போகும் வரிசை என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எதுவும் காட்டியதில்லை. இன்னொரு கணினியில் விண்டோஸின் டிஸ்ம் கருவியால் நிறுவல் படிமத்துக்குள் யுஎஸ்பி 3.0 டிரைவரைச் சேர்த்தேன். நிறுவும் சூழலை ஏற்றும் படிமத்தின் இரண்டு பகுதிகளிலும் சேர்க்க வேண்டும், நிறுவப்போகும் படிமத்திலும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுவி முடிந்தபின் மறுபடி சுட்டி செத்துவிடும்.

விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் பழையது, 2001. குறுந்தகட்டை நம்பியே கட்டிய நிறுவி அதனுடையது. பென்டிரைவிலிருந்து ஏற்றினால் பாதியில் நீலத்திரையில் நிற்பது வழக்கம். வட்டின் சாட்டா இணைப்பைப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றினால் சில நேரம் தப்பும். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடும், 7-க்குப் பொதுவாக 2020 ஜனவரியோடும் நின்றுவிட்டன. அண்ணாச்சி பெட்டியில் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் வந்தேன்.

சரி, தமிழில் இதை என்னவென்று சொல்வது? மென்பொருள் தமிழாக்கங்களில் 'துவக்கு', 'தொடக்கு' இரண்டையும் பார்க்கலாம். துவக்கு என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஈழத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி. போரைக் கண்ட மக்கள் அன்றாடம் பார்க்கும் திரையில் அந்தச் சொல்லைக் கட்டளையாக வைக்க மனம் வரவில்லை.

'பூட்டு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. ஒலியும் ஒத்துவருகிறது. ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது எல்லாம் வேலையைத் தொடங்குவதுதான். சித்திரையில் பொன்னேர் பூட்டி அந்த வருடத்து உழவைத் தொடங்குவார்கள். அழகான எண்ணம். ஆனால் கணினியில் பூட்டு என்றதும் எல்லோர் மனத்திலும் வருவது சாவி போடும் பூட்டுதான். திறக்கப் போகும் பெட்டிக்கு அந்தச் சொல் எதிர்ப்பொருள் தந்துவிடும். ஒலி ஒத்திருப்பது தற்செயல். இரண்டுக்கும் உறவு கிடையாது.

என் ஓட்டு 'தொடக்கு'வுக்கு. அதன் இலக்கணத்தில் ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் கணினி தானாக எழுவதும் பூட், நாம் அதை எழுப்புவதும் பூட். தமிழில் இயங்கு, இயக்கு; அடங்கு, அடக்கு; முடங்கு, முடக்கு என்று இரண்டிரண்டாக வினைகள் உண்டு. மெல்லினம் வந்தால் தானே நிகழ்வது, வல்லினம் இரட்டித்தால் பிறிதொன்றை நிகழச் செய்வது. அதே போலத் தொடங்கு, தொடக்கு. தொடங்கு என்பதும் செயப்படுபொருளை ஏற்கும்தான். 'தொடங்கற்க எவ்வினையும்' என்று 491-ஆம் குறளே சொல்கிறது. ஆனால் அங்கே வினையைத் தொடங்குபவரே அதைச் செய்பவர். இன்னொன்றைத் தொடங்கச் செய்வதற்குத் தொடக்கு. தன் வட்டிலிருந்து கணினி தொடங்குகிறது. பென்டிரைவு அதைத் தொடக்குகிறது. பூட்ஸ் வாரைத் தானே இழுப்பதும் இன்னொருவர் கைகொடுத்துத் தூக்குவதும் தமிழில் இப்படித் தனித்தனியாக நிற்கின்றன. ஈழத்தில் தீட்டைத் துடக்கு என்பார்கள், ஒலி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆயினும் 'கணினியைத் தொடக்கு' என்ற தொடரில் குழப்பம் வராது.

பென்டிரைவுக்கு விரலி என்று தமிழில் ஏற்கெனவே பெயர் உண்டு. மஞ்சளில் விரல் போல இருப்பது விரலி மஞ்சள் ஆனதைப்போலத்தான். இரண்டையும் சேர்த்து 'தொடக்க விரலி' என்றால் தொடக்கப்பள்ளி போல, முதல்நிலை விரலி என்று பொருள் திரும்பிவிடும். 'தொடக்கு விரலி' என்று வினைத்தொகையாக்கினால் தொடக்கிய, தொடக்குகின்ற, தொடக்கும் விரலி என்று மூன்று காலமும் அதில் அடங்கும். இயங்குதளமும் இதே வகைத் தொகைதான். இலங்கைப் பாடநூல்களில் இயங்குதளத்துக்குப் பணிசெயல் முறைமை என்று பெயர். அங்கேயும் தொடக்கு விரலி பொருந்தி வரும். உறைமோர் வேலை பார்க்கும் அந்தச் சிறு நிரல், தொடக்கேற்றி. இரண்டு இயங்குதளம் வைத்திருப்பது இரட்டைத் தொடக்கம். ரீபூட்டுக்கு மறுதொடக்கம் ஏற்கெனவே நன்றாக வேர்விட்டுவிட்டது.

இரவு ஒன்பதரைக்கு அண்ணாச்சியின் பழைய எழுத்துருவில் 'திருமண அழைப்பிதழ்' என்ற தலைப்பு திரையில் வந்தது. அந்தப் பென்டிரைவைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். அச்சகத்தில் ஒட்டுத்தாளுக்கா பஞ்சம்? ஒரு துண்டைக் கிழித்து நீட்டி, "மேல என்னன்னு எழுத?" என்றார். "தொடக்கு விரலி, விண்டோஸ் 7, 32 பிட்" என்றேன். ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, தடித்த பேனாவால் அப்படியே எழுதி ஒட்டினார்.