ரப்பின்னா பாதிரியாரும் இல்ல, மதகுருவும் இல்ல

போன வாரம் அக்கா பையன் போன்ல ஒரு படத்தோட கதைச்சுருக்க வீடியோ பாத்துட்டு இருந்தான். 'தி ஃப்ரிஸ்கோ கிட்', 1979ல வந்தது, ஜீன் வைல்டரும் ஹாரிசன் ஃபோர்டும் நடிச்ச காமெடி வெஸ்டர்ன். 1850ல போலந்துலருந்து ஒரு யூத ரப்பி பிலடெல்பியாவுல வந்து இறங்கி, ஒரு தோரா சுருளோட, அதாவது யூதர்களோட வேத நூல் எழுதின சுருளோட, சான் ஃபிரான்சிஸ்கோ வரைக்கும் போறார், வழியில இருக்குறதை எல்லாம் பிடுங்கிட்டு விட்டுடறாங்க, அப்புறம் ஒரு பேங்க் கொள்ளைக்காரனே அவருக்குத் துணையா வர்றான். எனக்கு ரொம்பப் பிடிச்ச படம். ஆனா வீடியோக்காரர் முதல்லருந்து கடைசி வரைக்கும் "யூத பாதிரியார், யூத பாதிரியார்"னே சொல்லிட்டுப் போறார். அவருக்குக் கல்யாணம்னு வந்ததும் பையன் திரும்பி, "மாமா, பாதிரியார் கல்யாணம் பண்ணிக்கலாமா?"ன்னான்.

அவன் கேட்டது சரிதான். சொல்லுதான் தப்பு, அவர் பாதிரியார் இல்ல, ரப்பி, யூத வேதம் படிச்சு சொல்லிக் கொடுக்குறவர். இதே தப்பை சப்டைட்டில்ல, செய்தியில எல்லாம் பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சு, அதான் எழுதுறேன்.

ஹீப்ருல 'ராவ்'னா பெரியவர், தலைவர். 'ரப்பி'ன்னா "என் பெரியவரே", நம்ம பேச்சுல "எங்க ஐயா". மாணவன் ஆசானைக் கூப்பிடுற சொல்லு, பின்னாடி பட்டமாச்சு. அரபியில 'ரப்பு'ம் இதே வேர்தான், நம்ம ஊர் முஸ்லிம் வீடுகள்ல "யா ரப்பே"ன்னு சொல்றது காதுல விழுந்திருக்கும், அங்க அது இறைவனைக் குறிக்கும். பழைய தமிழ் பைபிள்லயே யோவான் சுவிசேஷத்துல 'ரபீ'ன்னு போட்டு, அதுக்குப் போதகரேன்னு அர்த்தம்னு பக்கத்துலயே இருக்கு. அதாவது தமிழுக்கு இது புதுச் சொல்லே கிடையாது.

இப்ப 'பாதிரியார்' எங்கருந்து வந்துச்சு? போர்ச்சுகீசியர் 'பாத்ரே'ன்னு சொன்னதுலருந்து, அப்பான்னு அர்த்தம். 1497ல தன் நாட்டு யூதர்களைக் கட்டாயமா மதம் மாத்தினது அந்தப் போர்ச்சுகல்தான், 1560ல கோவாவுல மத விசாரணை மன்றம் வச்சதும் அவங்கதான். இன்னும் கேளுங்க, 1654ல பிரேசில்ல ரெசிஃபே ஊரை டச்சுக்காரங்ககிட்டருந்து போர்ச்சுகீசியர் திரும்பப் பிடிச்சதும் அங்கருந்து ஓடின யூதர்கள்ல 23 பேர் இன்னிக்கு நியூயார்க்னு சொல்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தாங்க, அமெரிக்காவோட யூத சமூகமே அப்படித்தான் ஆரம்பிச்சுது. யார்கிட்டருந்து தப்பிச்சு ஓடினாங்களோ அவங்க சாமியாரோட பேரையே இவங்க ஆசானுக்கு வைக்கிறது எனக்கு மனசு ஒப்பவே இல்ல.

சரி, 'மதகுரு'ன்னு போட்டா என்னன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். நிறைய மொழிபெயர்ப்பாளர்கள் இதுலதான் போய் நிக்கிறாங்க. கேக்க மரியாதையா இருக்கு, ஆனா இமாமும் மதகுரு, பிஷப்பும் மதகுரு, பிக்குவும் மதகுருன்னு ஆனப்புறம் அந்தச் சொல்லு எதைத்தான் சொல்லுது? அதுவும் கத்தோலிக்கத் தமிழ்ல 'குரு'ன்னாலே பூசை வைக்கிறவர், குருமடம், குருத்துவம் எல்லாம் அந்த வழிதான். 'ஆசாரியர்'னு போடலாம்னா, பழைய பைபிள்ல ஆசாரியன்னா எருசலேம் ஆலயத்துல பலி செலுத்தினவர். 'போதகர்' இன்னிக்கு பாஸ்டர் ஆயிட்டார். சொல்லிக் கொடுக்குறவருக்குன்னு இருந்த மூணு நல்ல சொல்லும் சர்ச் பக்கம் போயிடுச்சு.

'யூத பூசாரி' இன்னும் மோசம். யூதர்கள்ல பூசாரின்னா அது கோஹென், மோசேயோட அண்ணன் ஆரோன் வம்சம், பிறப்பால வர்றது. கி.பி. 70ல ரோமானியர் ஆலயத்தை இடிச்சதும் பலியும் நின்னுச்சு, அந்த வேலையும் போச்சு. ரப்பி படிச்சு ஆகுறவர். எது தின்னலாம், எந்த விவாகரத்து செல்லும், ஓய்வுநாள்ல என்ன செய்யக்கூடாதுன்னு நூலைப் பாத்துத் தீர்ப்பு சொல்றவர். கூட்டு வழிபாட்டுக்கு அவர் இருக்கணும்னே இல்ல, மரபுப்படி 10 ஆம்பளைங்க சேர்ந்தா போதும். முறைப்படி பட்டம் வாங்கின ரப்பின்னு அமெரிக்காவுக்கு முதல்ல வந்தவர் ஆபிரகாம் ரைஸ், அவர் பால்டிமோர்ல பொறுப்பேத்ததே 1840லதான், அந்த 23 பேர் வந்ததுலருந்து அதுவரைக்கும் கிட்டத்தட்ட 190 வருசம் ரப்பி இல்லாமலே ஜெப ஆலயங்கள் நடந்துச்சு. பூசாரி இல்லாம கோயில்ல பூசை நடக்குமா?

அதனால 'ரப்பி'ன்னே எழுதுங்க. விளக்கம் வேணும்னா முதல் தடவை மட்டும் 'யூத மறையாசான்'னு சேத்துக்கோங்க. மறை நூலும் வந்துடுது, ஆசானும் வந்துடுது, பலிபீடம் உள்ள நுழையல.

சொல்லு மாறினா கதையே மாறிடுதுங்கறதுக்கு இந்தப் படமே சாட்சி. துரத்திட்டு ஆள் வரும்போதும் ஓய்வுநாளான சனிக்கிழமை குதிரை ஏறமாட்டேன்னு அவர் நிக்கிறது ஒரு சட்டம் படிச்சவரோட பிடிவாதம். பின்னாடி கடற்கரையில துப்பாக்கிச் சண்டை, நண்பனாயிட்ட அந்தக் கொள்ளைக்காரன் உயிருக்கு ஆபத்து, இவர் தோராவைக் காப்பாத்த ஓடறார், அப்புறம் நண்பனை விட ஒரு புத்தகத்தைப் பெருசா நினைச்சுட்டேனே, நான் ரப்பியே இல்லன்னு உடைஞ்சு போறார். பூசாரின்னா புனிதப் பொருளைக் காப்பாத்தினது கடமைதானன்னு தோணும், அந்த அழுகை புரியவே புரியாது. அந்தச் சுருள்ல இருக்குறதை ஊருக்குச் சொல்லிக் கொடுக்கப் போறவர் அவர், அதான் அழறார். பையனை உக்கார வச்சு அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டுக் காட்டினேன், இந்தத் தடவை ரப்பின்னு சொல்லி.