நிலம் நடுங்கினால் தங்கம் திரளும்

"எங்க தாத்தா கே.ஜி.எஃப்.ல வேலை பார்த்தவர். வெள்ளைக்கல் எங்கேயோ தங்கம் அங்கே என்பார். அது ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கோலார் தங்கவயலுக்கு வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து போன குடும்பங்கள் ஏராளம். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி அவர்கள் உடைத்த அந்த வெள்ளைக்கல்லின் பெயர் குவார்ட்ஸ்.

பூமியின் மேலோட்டில் ஒரு டன் பாறைக்குச் சராசரியாகச் சில மில்லிகிராம் தங்கம்தான் இருக்கிறது. ஆழத்தில் கந்தகம் கலந்த வெந்நீர் அதையும் சிலிக்காவையும் கரைத்துக்கொண்டு விரிசல் வழியாக மேலேறும். நிலநடுக்கத்தில் விரிசல் திறந்ததும் அழுத்தம் சட்டென்று குறைந்து, இரண்டும் படியும். சிலிக்கா குவார்ட்ஸாகிறது. அதனால்தான் இந்த ஜோடி.

சரி, ஆனால் அந்த நீரில் கரைந்திருக்கும் தங்கம் மிகமிகக் குறைவு. அது பாறை முழுக்கத் தூசியாகத்தானே பரவ வேண்டும்? 1869இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுமார் 70 கிலோவில் ஒரே கட்டியாகக் கிடைத்ததே, எப்படி?

2024இல் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தந்த விளக்கம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. குவார்ட்ஸை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். அடுப்படி கேஸ் லைட்டரை அழுத்தினால் பொறி வருவதும் இதே தத்துவத்தில்தான். நிலநடுக்கம் குவார்ட்ஸை நெரிக்கும்போது பிறக்கும் மின்சாரம், நீரில் கரைந்துள்ள தங்கத்துக்கு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. அது உலோகமாகிக் கல்லில் ஒட்டிக்கொள்கிறது. அழகே இனிமேல்தான். குவார்ட்ஸ் மின்சாரத்தைக் கடத்தாது, தங்கம் கடத்தும். ஆகவே அடுத்த நடுக்கத்தில் வரும் தங்கம் புதிய இடம் தேடாமல், ஏற்கெனவே ஒட்டியிருக்கும் துகளின் மேலேயே படிகிறது. துகள் பெரிதாகப் பெரிதாக, மேலும் படிய அதுவே வசதியான இடமாகிறது. இப்படி எத்தனையோ நடுக்கங்கள்!

அவர்கள் செய்த சோதனையும் எளிமையானது: தங்கம் கரைந்த திரவத்தில் குவார்ட்ஸ் துண்டுகளை வைத்து, நிலநடுக்க அலை போல மோட்டாரால் அதிரவைத்தார்கள். கல்லின் மேல் நுண்ணிய தங்கத் துகள்கள் வந்து ஒட்டின.

கோலாரின் தங்கம் ஏறக்குறைய 250 கோடி ஆண்டு பழையது. 2001இல் சுரங்கத்தை மூடிவிட்டோம். கோலார் குவார்ட்ஸை வைத்து இந்தச் சோதனையைச் செய்ய ஒரு கல்லூரி ஆய்வகமே போதும் என்பது என் எண்ணம். உடனடி லாபம் என்ன என்று கேட்காமல் அதற்கு யாராவது நிதி கொடுக்க வேண்டும்.