அலையாத்திக் காட்டைக் காக்கும் விதிகளும் பாலாற்று வழக்கும்

வேலூர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும், ஓய்வுபெற்றபின் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மனை வாங்கிப் போடுவோரும், விடுமுறையில் பிச்சாவரத்துக்குப் படகுச் சவாரி செல்வோரும் இங்கே நிறைய உண்டு. அவர்களுக்குக் கடலோரச் சதுப்புக் காடுகளான அலையாத்திக் காடுகள் பற்றிய விதிகள் நேரடியாகப் பயன்படும். அந்த விதிகள் மீறப்படும்போது வழக்குத் தொடுப்பவர் கையில் இருக்கும் மிக வலுவான கருவி நம் வடஆற்காட்டு வழக்கு ஒன்றிலிருந்து கிடைத்தது என்பதும் பலருக்குத் தெரியாது.

முதலில் விதி. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986-இன் கீழ் ஒன்றிய அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் அலையாத்திக் காடுகளை மிக உயர்ந்த பாதுகாப்புடைய ‘1-ஏ’ பிரிவில் வைத்துள்ளன. ஓரிடத்தில் உள்ள அலையாத்திப் பரப்பு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், அதை ஒட்டிய 50 மீட்டர் நிலமும் காப்புப் பகுதியாக அதே பிரிவில் சேரும். 2011, 2019 ஆகிய இரு அறிவிக்கைகளிலும் இந்த ஏற்பாடு உள்ளது. ஆகவே, உப்பங்கழியோரம் விலை மலிவாகக் கிடைக்கும் மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நில்லாமல், அந்தச் சர்வே எண் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் எந்தப் பிரிவில் வருகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதனால் வீடு கட்டும் உரிமை வந்துவிடாது.

மரத்தை வெட்டினால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். நீர் வற்றியிருக்கும் வேளையில் பிச்சாவரத்துக் கால்வாயோரம் பார்த்தால், கருஞ்சேற்றிலிருந்து விரல் விரலாக மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் சுவாச வேர்களைக் காணலாம். அவற்றின் மேல் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மூடினால், கோடரி படாமலே மரம் பட்டுப்போகும். கட்டடக் கழிவு உள்ளிட்ட நகரக் கழிவுகளை இந்த மண்டலத்தில் கொட்டுவது தடைசெய்யப்பட்டிருப்பதை இந்த நிலையில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

விதிவிலக்குகளும் உண்டு. காப்புப் பகுதியில் குழாய்ப் பாதை, மின்தடம், தூண்கள் மேல் அமையும் சாலை போன்ற பொதுப் பயன்பாட்டுப் பணிகளை அனுமதிக்கலாம். பாதுகாப்புத் துறைத் தேவை போன்ற அரிதான நிலைகளில் சாலை காட்டின் ஊடாகவே செல்லவும் கூடும். அப்போது அழியும் அலையாத்திப் பரப்பைப்போல் குறைந்தது மூன்று மடங்கு பரப்பில் ஈடாக நடவேண்டும் என்கிறது 2019 அறிவிக்கை. காகிதத்தில் இது தாராளமாகத் தெரிகிறது. ஆனால் கடல்நீர் ஏறி இறங்காத இடத்தில் எத்தனை மடங்கு நட்டாலும் கன்று பிழைக்காது. பிரிட்டிஷார் காலத்திலிருந்து 1970-களின் தொடக்கம் வரை பிச்சாவரத்தில் பகுதி பகுதியாக மரங்களை முற்றாக வெட்டியதால் வெயில் பட்ட தரை தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பு ஏறி, நிலம் வெறுமையானது. பின்னர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி அலைநீரை உள்ளே கொண்டுவந்த பிறகே நடவு பலன் தந்தது. 2023-24 ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட ‘மிஷ்டி’ திட்டம், ஊரக வேலை உறுதித் திட்ட நிதியையும் ஈடுசெய் காடுவளர்ப்பு நிதியையும் இணைத்து அலையாத்தி வளர்க்க வகுக்கப்பட்டது. அதிலும் கால்வாய்ப் பணிக்கு எவ்வளவு இடம் தரப்படுகிறது என்பதே கவனிக்கத்தக்கது.

காட்டில் வாழும் உயிர்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 தனியே பொருந்தும். நீர்நாய் போன்ற முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், 2022 திருத்தத்தின்படி குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. கடலோர விதியை மீறுவோருக்கோ 2024 ஏப்ரல் முதல் சிறை இல்லை. 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை மட்டுமே. கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு 15 லட்சம் ஒரு பொருட்டே அல்ல.

இங்கேதான் பாலாறு வருகிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாக, வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் மதிப்பிட்டிருந்ததை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் அறிவிக்கப்பட்டது. முதலாவதன்படி, கேடு விளையும் என்று ஊரார் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. கேடு விளையாது என்று தொழில் நடத்துபவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். ஆய்வுக்கூடமோ பணமோ இல்லாத மீனவக் குப்பத்துக்கு இது எவ்வளவு பெரிய துணை என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாவதன்படி, பாதிக்கப்பட்டோருக்குத் தரும் இழப்பீட்டோடு, சீரழிந்த சூழலை மீட்கும் செலவும் மாசுபடுத்தியவர் தலையில் விழும். மேற்சொன்ன 15 லட்ச வரம்பு அந்தச் செலவைக் கட்டுப்படுத்தாது.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, இவ்விரு கோட்பாடுகளையும் தீர்ப்பாயம் தன் ஆணைகளில் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது. தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. விதிமீறல் பற்றிய மனுவைப் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள்ளும், இழப்பீடோ மீட்பு நடவடிக்கையோ கோரும் மனுவை 5 ஆண்டுக்குள்ளும் தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். இழப்பீடு கோராத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கோரினால் கோரும் தொகையில் நூற்றுக்கு ஒன்று. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

ஒரு குறையையும் இங்கே குறிப்பிட வேண்டும். கடலோர மண்டல விதி, ஓதநீர் ஏறும் எல்லை வரைதான் ஆற்றோடு மேலே வரும். வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ பாலாற்றில் விடப்படும் கழிவு வயலூர் அருகே கடலில் கலக்கும் வரை சென்றாலும், அதை அந்த விதியைக் கொண்டு தடுக்க முடியாது. அதற்குத் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1974-இன்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் அளித்து, ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் தீர்ப்பாயம் செல்ல நேர்ந்தால் அந்த ஒப்புகையில் உள்ள தேதி உதவும்.