கோர்செதாய்: கல் கைகொடுக்காத சிலேட்டு குவாரி

வடமேற்கு வேல்ஸில், கூம் அஸ்ட்ராட்லின் பள்ளத்தாக்கின் புல்வெளி நடுவே மூன்று மாடி உயரக் கற்கட்டடம் ஒன்று கூரையில்லாமல் நிற்கிறது. வளைவு ஜன்னல்களைப் பார்த்தால் இடிந்த மடாலயம் என்றுதான் தோன்றும். ஆனால் அது அனிசபாண்டி ஆலை. கோர்செதாய் குவாரியின் சிலேட்டை அறுப்பதற்காக 1850-களின் நடுவில் கட்டியது.

சிலேட்டு என்பது ஒரு காலத்தில் கடலடிச் சேறு. நிலத்தட்டுகள் நெருக்கும்போது அது நசுங்கிச் சூடேறுகிறது. களிமண் கனிமங்கள் அப்ரகம், குளோரைட் போன்ற தட்டையான கனிமங்களாக மாறி, அழுத்தம் வரும் திசைக்குச் செங்குத்தாக வரிசைகட்டுகின்றன. உளி வைத்துத் தட்டினால் கல் இந்த வரிசையில்தான் பிளக்கும். சேறு முதலில் படிந்த அடுக்கில் அல்ல. பலரும் குழம்பும் இடம் இது. வரிசை சீராக இருந்தால் சில மில்லிமீட்டர் கனத்தில் கூரை ஓடு கிடைக்கும். குறுக்கே விரிசல்கள் ஓடினால் சில்லுதான் மிஞ்சும்.

கோர்செதாயில் கல் அவ்வளவு நன்றாகப் பிளக்கவில்லை. அதனால் கனமான பலகைகளாக அறுத்து விற்கப் பார்த்தார்கள். அறுக்க ரம்பம் வேண்டும், ரம்பம் ஓட நீர் வேண்டும். ஆலை குவாரியை விட்டுத் தள்ளி, பள்ளத்தாக்கின் கீழே அமைந்ததற்குக் காரணம் அதுதான். உள்ளே சுமார் 8 மீட்டர் விட்டமுள்ள நீர்ச்சக்கரம் சுழன்றது. போர்த்மாடாக் துறைமுகம் வரை டிராம் பாதை, அதாவது சிலேட்டு வண்டிகள் ஓடும் தண்டவாளம், போட்டார்கள். தொழிலாளர்களுக்கு ட்ரெவோரிஸ் என்று ஒரு கிராமமே எழுந்தது: 3 தெருக்கள், 36 வீடுகள்.

இவ்வளவையும் கல்லின் தரம் உறுதியாகும் முன்பே கட்டிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேனென்கிறது. உச்சத்தில்கூட ஆண்டுக்குச் சுமார் 2,000 டன்தான்; அதே காலத்தில் வடக்கு வேல்ஸின் பெரிய குவாரியான பென்ரின் லட்சம் டன்னைத் தாண்டியிருந்தது. 1867-இல் கோர்செதாய் மூடப்பட்டது. அப்புறம் சில ஆண்டுகளில் ஆலையும் நின்றது.

2021-இல் யுனெஸ்கோ அறிவித்த வடமேற்கு வேல்ஸ் சிலேட்டு நிலப்பரப்பில் இந்த இடமும் சேர்ந்திருக்கிறது. போகிறவர்கள் ஆலையோடு திரும்பிவிட வேண்டாம். பழைய டிராம் பாதையிலேயே குவாரிவரை நடந்தால் ஓர் அபூர்வமான சுவரைப் பார்க்கலாம். நல்ல குவாரிகளிலேயே ஒரு டன் சரக்குக்குப் பத்து டன் அளவில் கழிவுக்கல் சேரும். அந்தக் குவியல் பாதையில் சரியாமல் தடுக்க, சாந்து இல்லாமல் பெரிய பெரிய கற்களை வைத்து, மேலே போகப் போகப் பாதைப் பக்கம் துருத்தி நிற்கும்படி கட்டியிருக்கிறார்கள். இன்னும் சரியவில்லை.