கூட்டத்தில் மீனுக்காக யார் பேசுவது?

கரையில் வந்திறங்கும் மீனை அளந்து, எடைபோட்டு, சினை பிடித்திருக்கிறதா என்று வயிற்றைக் கீறிப் பார்ப்பது என் வேலை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு வேலை, கடலோர மாவட்டங்களில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டங்களிலும் பேச்சுவார்த்தைகளிலும் போய் உட்காருவது. ஆட்சியரோ கோட்டாட்சியரோ நடுவில் இருப்பார். மீன்வளத் துறை, மரைன் போலீஸ், வருவாய்த் துறை எல்லாம் ஒரு பக்கம். எதிரே முன்வரிசையில் விசைப்படகுச் சங்கத்தார், லெட்டர்பேடில் அடித்த மனுக்களோடு. பின்வரிசைகளில் நாட்டுப்படகுக்காரர்கள். ஏலத்தில் மீன் எடுக்கும் பெண்களையும் கருவாடு போடுகிறவர்களையும் அந்த அறைகளில் நான் அதிகம் பார்த்ததில்லை.

பேச்சு எப்போதும் மானிய டீசலில் தொடங்கும். அப்புறம் தடைக்கால நிவாரணம், கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு, இலங்கையில் பிடிபட்ட படகு. சண்டை நடந்த ஊரென்றால் யார் வலையை யார் அறுத்தது என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். எல்லாம் நியாயமான கோரிக்கைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் கடலில் மீன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற பேச்சு மட்டும் டீ கொடுத்து முடித்து எல்லோரும் எழுந்திருக்கும்போதுதான் வரும். அதுவும் வந்தால் உண்டு.

இதைச் சட்டத்தின் குறை என்று சொல்ல முடியாது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், எதற்காகவெல்லாம் அரசு கட்டுப்பாடு விதிக்கலாம் என்று சொல்லும்போது பாரம்பரிய மீனவரின் நலனைச் சொல்கிறது, மீன்வளத்தை அறிவியல் முறையில் காப்பதைச் சொல்கிறது, கடலில் சட்டம் ஒழுங்கையும் சொல்கிறது. நாம் கூடுவதோ பெரும்பாலும் கடைசிக் காரணத்துக்காக. அடிதடி வந்தால் கூட்டம், அடங்கினால் அதுவும் இல்லை. இந்தச் சட்டம் வந்ததே அப்படித்தான். இறாலுக்கு ஏற்றுமதி விலை கிடைத்து, மடி என்னும் பை போன்ற வலையைக் கடலடியில் இழுத்துப்போகும் இழுவைமடிப் படகுகள் பெருகின. கட்டுமரக்காரர்கள் போட்ட வலைகளின் மேல் அவை ஏறிப்போயின. மோதல் முற்றிய பிறகுதான் சட்டம் எழுதப்பட்டது.

உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு நிற்கும் என்பதற்குப் பாக் விரிகுடாவில் ஒரு சான்று இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு. பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடலில் இரண்டு தரப்பும் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் இருக்க வந்த ஏற்பாடு இது. குறைகள் உண்டு, மீறல்களும் உண்டு. ஆனால் ராமேசுவரத்தில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் இன்று யாருடைய நாள் என்று சொல்வான். அதே கடலில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக்கூடாது என்றும் விதி இருக்கிறது. அந்த எல்லை எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுவார்கள்.

வலைக்கண் அளவு இன்னொரு கதை. மடியின் கடைசிப் பகுதியில், மீன் சேரும் பையில், கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. எப்படி அளப்பது? கண்ணை நீளவாக்கில் இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே அளவுகோலை வைக்க வேண்டும். கரையில் காயும் மடிகளில் நான் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் 25க்குக் கீழே காட்டுவதுதான் வழக்கமாக இருக்கிறது. 40 இருந்தாலும் ஒரு சிக்கல். வைரவடிவக் கண், இழுக்கும்போது பாரம் ஏறி மூடிக்கொள்ளும், குஞ்சு தப்பாது. சதுரக் கண் வைத்த மடி திறந்தே நிற்கும். ஆராய்ச்சி நிலையங்கள் இதைப் பல வருடமாகச் சொல்லி வருகின்றன. ஆனால் மடி மாற்றும் செலவு யாருடையது, குஞ்சோடு சேர்ந்து நழுவும் சிறு இறாலின் நட்டம் யாருடையது என்று படகுக்காரரோடு உட்கார்ந்து பேசியிருந்தால் இந்த விதி காகிதத்தை விட்டு இறங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

விசைப்படகு வந்து மடியை அவிழ்த்ததும் மேலே கிடக்கும் இறாலையும் கணவாயையும் நண்டையும் பொறுக்கி எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு குவியல் கிடக்கும். சங்காயம் என்பார்கள். அதற்குள் கையை விட்டுப் பாருங்கள்: விரல் நீளச் சங்கரா, நகம் அளவு நண்டு, காரல், சூடை, இன்னும் உடம்பில் நிறம் ஏறாத வஞ்சிரக் குட்டி. கிலோ சொற்ப விலைக்கு மீன்தூள் ஆலைக்குப் போகும். ஒரு வருடம் விட்டிருந்தால் இதில் ஒரு கூடை என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதைக் கரையில் நிற்கும் எந்த வியாபாரியும் மனக்கணக்காகச் சொல்லிவிடுவார்.

கூட்டங்களில் எனக்கு அடிக்கடி கிடைக்கும் பதில், “மீன் எங்க சார் குறைஞ்சிருக்கு? துறைமுகத்துல மலை மாதிரி குவியுதே!” என்பது. இங்கேதான் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கரைக்கு வரும் மொத்த டன் குறையாமல் இருக்கலாம். ஆனால் அதே டன்னைப் பிடிக்க முன்பைவிடப் பெரிய எஞ்சின், கூடுதல் டீசல், இன்னும் தூரம், இன்னும் சின்னக் கண் தேவைப்பட்டால் மீன்வளம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். ஒரு மணி நேர இழுப்புக்கு எவ்வளவு கிடைத்தது, கிடைத்ததில் ஒருமுறையாவது முட்டையிட்ட மீன் எத்தனை, இந்த இரண்டையும் கேட்காமல் டன் கணக்கு மட்டும் பேசினால் ஏமாந்துதான் போவோம்.

கேரளக் கரை மத்தியைப் பாருங்கள். 2012இல் 3.9 லட்சம் டன் இறங்கியது. 2021இல் 3,297 டன். கடலின் வெப்பமும் மழையும் மத்தியை ஆட்டிவைக்கும் என்பது உண்மை, எல்லாப் பழியையும் வலைமேல் போட முடியாது. ஆனால் நலிந்து கிடக்கும் மீனைக் குஞ்சாகவும் அள்ளினால் அது எப்படித் திரும்பி எழும்? மத்தி 10 சென்டிமீட்டர், அயிலை 14 சென்டிமீட்டர் என்று அந்த மாநிலம் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளம் வைத்தது. அது நல்ல விதி. காரணம், இதைச் சரிபார்க்கக் கடலுக்குப் போக வேண்டாம், ஏலக்கூடத்தில் ஒரு அளவுகோல் போதும்.

நம் தடைக்காலமும் மீனின் பெயரால்தான் வந்தது. 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கன்னியாகுமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இதில் நல்லது நடக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் எல்லா மீனும் காலண்டர் பார்த்து முட்டையிடுவதில்லை. நீலக்கால் நண்டு வருடம் முழுக்கச் சினையோடு வருகிறது. தடை நாளில் வளர்ந்த குஞ்சை, தடை நீங்கிய முதல் வாரத்தில் மொத்தப் படகும் ஒரேயடியாகப் போய் வாரிவிட்டால் பலன் பாதிதான்.

மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் பெரிய வலையான சுருக்குமடியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டே தடை. ஆனாலும் கடன் வாங்கி வலையும் படகும் சேர்த்தவர்கள் நிறைய. 2021 ஜூலையில் நாகை, மயிலாடுதுறை, கடலூர்க் கரைகளில் ஆதரவும் எதிர்ப்புமாக ஊர்கள் பிரிந்து நின்றன. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில், 12 கடல் மைலுக்கு வெளியே, திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று அனுமதித்தது. யார், எங்கே, எப்போது என்பதற்கு இது பதில். எத்தனை டன் மத்தியை எடுத்தால் அடுத்த வருடமும் மத்தி இருக்கும் என்பது வேறு கேள்வி. அதை நீதிமன்றத்தில் போய்க் கேட்க முடியாது, கரையில்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கென்று 1976 முதல் சட்டம் இருக்கிறது. எட்டு வட்டார மீன்பிடி மன்றங்கள். கூட்டம் திறந்த கூட்டம், யாரும் போய்ப் பேசலாம். பேச்சு எவ்வளவு சூடானாலும், அறிவியல் குழு பரிந்துரைத்த அளவைத் தாண்டி மன்றம் பிடிவரம்பை வைக்க முடியாது என்று 2006இல் திருத்தம் வந்தது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. நியூ இங்கிலாந்தின் காட் மீன் இன்னும் எழவில்லை. அறிவியல் குழுவும் தவறும் என்பதைக் கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் பார்த்தார்கள். காட் சிறுத்துக்கொண்டே போகிறது என்று 1980களிலேயே கரையோரச் சிறுபடகு மீனவர்கள் சொன்னார்கள். அரசின் மதிப்பீடு வேறு சொன்னது. 1992 ஜூலை 2ஆம் தேதி காட் பிடிப்பை ஒரேயடியாக நிறுத்த வேண்டி வந்தது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள்.

அதனால் நாட்டுப்படகுக்காரர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, உங்களுக்குத் தெரிந்ததைக் கோப்பில் ஏறும் வடிவத்தில் கொண்டு வாருங்கள் என்பதுதான். “மீனே இல்லீங்கய்யா, எல்லாத்தையும் இழுத்துட்டுப் போயிட்டான்” என்றால் அதிகாரி தலையாட்டுவார், குறிப்பெடுக்க அவருக்கு அதில் ஒன்றும் இருக்காது. எந்தத் தேதி, ஜிபிஎஸ்ஸில் எந்த இடம், எந்த வலை, என்ன கண், எத்தனை மணி நேரம், எவ்வளவு மீன் கிடைத்தது என்று சொல்லிப் பாருங்கள். ஸ்கேல் பக்கத்தில் வைத்து மீனைப் படம் எடுங்கள். ஏலத்தில் கொடுக்கும் சீட்டை எறியாதீர்கள். நாலைந்து வருடச் சீட்டு ஒரு நூலில் கோத்துக் கிடந்தால், என் அலுவலகக் கணினியில் இல்லாத தகவல் அதில் இருக்கும். ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் அப்படி ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். விளமீன் எந்த வருடத்திலிருந்து அவர் வலைக்கு வருவது நின்றது என்பதை அதிகாரியே புரட்டிப் பார்த்துச் சொன்னார். அன்றைக்குப் பேச்சு டீசலுக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் ஆனது.

மனுவை எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். துறைமுகத் திட்டங்களுக்கு நடக்கும் சுற்றுச்சூழல் பொதுக்கருத்துக் கேட்பில் 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம், பேசியதைக் குறித்துக்கொண்டு கூட்டத்தின் முடிவிலேயே தமிழில் விளக்கி வாசித்துக் காட்ட வேண்டும். மீன்பிடி விதிகளைப் பேசும் கூட்டங்களுக்கு இந்தக் கட்டாயம் பொருந்தாது. ஆகவே நடவடிக்கைக் குறிப்பில் நீங்கள் பேசியது இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

விசைப்படகுக்காரர்களுக்கும் ஒன்று. உங்களை வில்லனாக்கி நடக்கும் கூட்டத்தில் உங்களுக்குச் சொல்ல ஏதும் இருக்காது, புரிகிறது. ஆனால் சங்காயத்தால் உங்களுக்கு மிஞ்சுவது என்ன, டீசலுக்குப் போவது என்ன என்ற கணக்கை நீங்களே மேசையில் வைத்தால், ஆழ்கடலுக்கு மாறவோ மடியை மாற்றவோ உதவி கேட்பதற்கு வலு கூடும். பாக் விரிகுடாவில் 2017இல் வந்த சூரை மீன்பிடிப் படகுத் திட்டம் எதிர்பார்த்த அளவு ஏன் போகவில்லை என்பதை உங்களைவிட யார் சொல்ல முடியும்? அந்தக் கடலில் பங்குள்ள வட இலங்கைத் தமிழ் மீனவர்கள் நம் மாவட்டக் கூட்டங்களில் உட்கார முடியாது. அவர்கள் நாட்டில் 2017இலேயே இழுவைமடி தடைசெய்யப்பட்டாயிற்று. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் பேசியபோது இலங்கைத் தரப்பு கேட்டதும் இழுவைமடியை நிறுத்தச் சொல்லித்தான்.

அடுத்த தடைக்காலத்தில் படகுகளை ஆய்வு செய்ய அதிகாரிகள் வருவார்கள். எஞ்சினையும் பதிவு எண்ணையும் பார்ப்பதோடு மடியையும் அளக்கச் சொல்லுங்கள். நாட்டுப்படகு ஊரிலிருந்து ஒருவர், விசைப்படகுச் சங்கத்திலிருந்து ஒருவர், ஏலத்தில் மீன் எடுக்கும் பெண் ஒருவர் கூட நிற்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. தடை தொடங்குவதற்கு முந்தைய கூட்டத்தில் ஒரு மனு கொடுத்தால் போதும்.