கண்டல் வேருக்கு மூச்சு இழுத்துக் கொடுப்பது யார்?

வார இறுதியில் காரங்காட்டுக் கண்டல் (அலையாத்தி) காட்டுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார்: "காலையில் கரையோரம் நடந்தபோது சேறு முழுக்கக் குச்சி குச்சியாக இவை குத்திட்டு நின்றன. மதியம் கயாக்கில் அதே இடத்துக்குப் போனால் காணோம். மரக்கன்றுகளா? மூழ்கினால் அழுகாதா?"

கன்றுகள் இல்லை, சுவாச வேர்கள். காரங்காட்டில், அதாவது தொண்டிக்குத் தெற்கே, கோட்டக்கரையாறு பாக் விரிகுடாவில் சேரும் இடத்தில் பெரும்பாலும் வெண்கண்டல்தான், பாடப்புத்தகத்து அவிசீனியா. சேற்றுக்குள் ஆக்சிஜன் கிடையாது. காலை வைத்துக் கிளறினால் எழும் அழுகிய முட்டை வாடையே சாட்சி. அதனால் வேர் மேல்நோக்கி வளர்கிறது. இதுவரை ஒரு மார்க் கேள்வி.

சரி, நுரையீரல் இல்லாத மரத்துக்குக் காற்றை உள்ளே இழுப்பது யார்? கடல்தான்.

சுவாச வேரின் தோலில் நுண்ணிய பட்டைத்துளைகள் உண்டு. அவற்றில் தண்ணீர் ஒட்டாது. காற்று போகும், நீர் புகாது. ஏற்றத்தில், அதாவது கடல்நீர் உயரும்போது, வேர் மூழ்கியதும் காற்றுவழி அடைபடுகிறது. உள்ளே காற்றறைகளில் மிஞ்சிய ஆக்சிஜனைச் செல்கள் செலவழிக்கின்றன. பதிலுக்கு வரும் கார்பன் டை ஆக்சைடு அந்த இடத்தை நிரப்ப வேண்டுமே? நிரப்பாது. அது ஆக்சிஜனைவிடப் பல மடங்கு எளிதாக நீரில் கரைந்துவிடும். ஆக, உள்ளே வாயு குறைந்து அழுத்தம் இறங்குகிறது. வற்றத்தில், நீர் இறங்கி வேர்நுனி வெளியே தெரிந்ததும், அமுக்கிய இங்க் ஃபில்லரை விட்ட மாதிரி, காற்று தானாக உள்ளே பாய்கிறது. மரம் விரலைக்கூட அசைக்கவில்லை!

1955இல் ஷோலாண்டர் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் இதை அளந்தே காட்டினார்கள். மூழ்கிய வேருக்குள் ஆக்சிஜனும் அழுத்தமும் சேர்ந்தே இறங்கின. இன்னொரு கண்டல் இனத்தில் தாங்குவேர்த் துளைகளைக் கிரீஸ் தடவி அடைத்தார்கள். சேற்றுக்குள் இருந்த வேரில் ஆக்சிஜன் மளமளவென்று சரிந்தது.

பாக் விரிகுடாவில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. அந்தச் சின்ன வித்தியாசத்தை நம்பித்தான் மரம் நிற்கிறது. தாழ்வான சேற்றில் விழா எடுத்து நட்டால் கன்று மூச்சுமுட்டிச் சாகும். எந்த மேட்டில் எத்தனை மணி நேரம் தண்ணீர் நிற்கிறது என்று முதலில் அளக்கலாம். ஆனால் அளவுகோலுடன் போட்டோ எடுத்தால் எடுப்பாக இருக்காதே! கால்வாய் தூர்வாரிய மண்ணை வேர்கள்மேல் கொட்டுவதும் அதே கொலைதான்.

அப்புறம், வற்றத்தில் கயாக் தரைதட்டினால் அந்த வேர்கள்மேல் இறங்கி மிதிக்காதீர்கள். துடுப்பால் தள்ளிப் பாருங்கள், இல்லாவிட்டால் படகுக்காரரைக் கூப்பிடுங்கள்.