பெட்டி வரவில்லையா? வெளியே போகாதீர்கள்

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பெட்டி கட்டும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று நாள்கணக்கில் யோசிக்கிறோம். அந்தப் பெட்டி நம்மோடு வந்து சேராவிட்டால் நமக்கு என்ன உரிமை என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

எனக்குத் தெரிந்த வயதான தம்பதி ஒருவருக்குப் பெட்டி நான்காம் நாள்தான் கிடைத்தது. அதுவரை மாற்றுத் துணி, செருப்பு, மருந்து எல்லாம் கைக்காசில் வாங்கினார்கள். வீடு திரும்பி ஆறு வாரம் கழித்து ரசீதுகளை அனுப்பினார்கள். "காலக்கெடு முடிந்துவிட்டது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. "ஏர்போர்ட்லயே எழுதிக் கொடுத்துட்டுத்தானே வந்தோம்?" என்றார் அந்த அம்மா. கொடுத்தது உண்மை. ஆனால் அது பெட்டி வரவில்லை என்ற பதிவு மட்டும்தான். பணம் கேட்டு எழுதும் கடிதம் வேறு. அன்று மேசையில் இருந்தவர் இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

சட்டம் சுருக்கமானதுதான். நாடுகளுக்கு இடையிலான விமானப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம், 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. செக்-இன் செய்த பெட்டி தொலைந்தாலோ, உடைந்தாலோ, தாமதமானாலோ விமான நிறுவனம் பொறுப்பு. உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு); அதாவது 2,000 அமெரிக்க டாலருக்குச் சற்று மேல். 2024 டிசம்பர் 28 முதல் இந்தத் தொகை. பழைய தொகையைச் சொல்லும் படிவங்களை நம்பாதீர்கள். "கிலோவுக்கு இவ்வளவுதான்" என்று பதில் வந்தால், அது 1929 வார்சா ஒப்பந்தத்தின் கணக்கு. போய்த் திரும்பும் பயணத்தில், நீங்கள் புறப்பட்ட நாடு மான்ட்ரியலில் சேர்ந்திருந்தால் எடைக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

அந்த உச்சவரம்பு அப்படியே கைக்கு வரும் தொகை அல்ல. எவ்வளவு இழப்பை நிரூபிக்கிறீர்களோ அவ்வளவுதான். அதனால் பெட்டியை மூடும் முன் உள்ளே இருப்பதைப் போனில் படம் எடுங்கள். வெளித்தோற்றத்தையும் எடுங்கள். செக்-இன் மேசையில் தரும் டேக் துண்டைத் தூக்கி எறியாதீர்கள்; அது இல்லாவிட்டால் பெட்டியைக் கொடுத்ததையே நீங்கள் நிரூபிக்க வேண்டிவரும்.

பெல்ட்டில் பெட்டி வரவில்லை என்றால், சுங்கத்தைத் தாண்டி வெளியே போகும் முன் பி.ஐ.ஆர். என்ற அறிக்கையை (மேலே சொன்ன பதிவு இதுதான்) கேட்டு வாங்குங்கள். அதில் ஐந்து எழுத்தும் ஐந்து இலக்கமும் கொண்ட எண் இருக்கும். "நாளைக்குப் போன் பண்ணுங்க, பாத்துக்கலாம்" என்பார்கள். எண் கைக்கு வராமல் நகராதீர்கள். உடைந்த பெட்டிக்கும் இதேதான். புகார் சொல்லாமல் எடுத்துப்போனால், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அதிகம் பேர் விழுவது நாள் கணக்கில்தான். சேதம் என்றால், பெட்டி கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். தாமதம் என்றால், பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். இன்னொரு 21 நாளும் உண்டு: வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கேட்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, "இன்னும் தேடுகிறோம்" என்ற பதிலை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பி.ஐ.ஆர். இருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள். பல நிறுவனங்கள் அதைக் கோரிக்கையாக ஏற்பதில்லை. விடுதி அறையிலிருந்தே மின்னஞ்சல் அனுப்புங்கள், ரசீதுகளின் படத்தோடு. நீதிமன்றம் போவதற்கு 2 ஆண்டு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் இந்த 7, 21 நாளைத் தவறவிட்டவருக்கு அந்த 2 ஆண்டால் பெரும்பாலும் பயனில்லை.

இரண்டு விமானம் மாறிப் போனவர்களை அலையவிடுவது தனிக் கொடுமை. "பெட்டியை ஏத்துனது அவங்க" என்று இவர்கள், "கடைசியாக் கொண்டுவந்தது அவங்க" என்று அவர்கள். ஒரே டிக்கெட்டில் போயிருந்தால் முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், தவறு நடந்த கட்டத்தில் ஏற்றிச்சென்ற நிறுவனம் மூன்றிடமும் கேட்க ஒப்பந்தம் இடம் தருகிறது. மூன்றுக்கும் ஒரே நாளில் எழுதிவிடுங்கள். மலிவாக இருக்கிறதென்று இரண்டு தனி டிக்கெட் வாங்கியவர்களுக்கு இந்த வசதி இல்லை.

பெட்டி வரும்வரை வாங்கும் சாமான்களுக்கு "ஒரு நாளைக்கு இவ்வளவுதான்" என்று மேசையில் சொல்லும் தொகையை ஒப்பந்தம் எங்கும் சொல்லவில்லை. நியாயமான தேவைக்கு வாங்குங்கள், ரசீது வையுங்கள். சிறு தொகையைக் கொடுத்து "முழுத் தீர்வு" என்று எழுதிய தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். வீடு திரும்பும் பயணத்தில் தாமதமானால் செலவைத் தர மறுப்பார்கள், வீட்டில்தான் துணி இருக்கிறதே என்று.

நகை, மடிக்கணினி, பணம், சாவி, பத்திரங்கள், தினசரி மருந்து, மருந்துச் சீட்டு எதையும் செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள். தொலைந்தால் இவற்றுக்குப் பொறுப்பில்லை என்று நிறுவனங்கள் முதல் கடிதத்திலேயே எழுதும். அதை எதிர்த்து வாதாட வழி உண்டு. ஆனால் மாதங்கள் ஓடிவிடும், மருந்து அன்றிரவே வேண்டும். ஒரு மாற்றுடையும் கைப்பையில் இருக்கட்டும். வீட்டார் இருவராகப் போனால் ஆளுக்கு ஒரு பெட்டி என்று பிரிக்காமல், ஒவ்வொரு பெட்டியிலும் இருவர் துணியையும் பாதிப் பாதி வையுங்கள்.

விமானத்தில் ஏறும் வாசலில், இடமில்லை என்று கைப்பையையும் வாங்கிக்கொள்வதுண்டு. அந்த அவசரத்தில்தான் மருந்து விமானத்தின் அடியில் உள்ள சரக்கு அறைக்குப் போய்விடுகிறது. மருந்தையும் பவர் பேங்கையும் தனியாக ஒரு சிறு பையில் போட்டு மேலாக வையுங்கள், ஒரே இழுப்பில் எடுக்கலாம். பவர் பேங்க் சரக்கு அறைக்குப் போகவே கூடாது. பையைக் கொடுத்ததும் அதற்கும் டேக் துண்டைக் கேட்டு வாங்குங்கள்.